நீரளவும் மதுவும்: மாத்தளையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மதுவின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தானியத்தைப் பற்றியும், மரத்தைப் பற்றியும், வரியைப் பற்றியுமே எழுதியுள்ளனர். நீரைப் பற்றி எழுதினார் மிகச் சிலர். ஆயினும் ஒரு குடம் பியரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் நீரே உள்ளது. எஞ்சிய ஒரு பங்கிற்கே நாம் பெயரும் விலையும் பழியும் வைத்துள்ளோம். வீட்டில் மது ஆக்குவோர் முன் முதலில் எழும் வினாவும் நீரைப் பற்றியதே: இத்தனை தானியத்துக்கு எத்தனை படி நீர் விடுவது?

பார்வைக்கு இது அடுக்களை வினா. வரலாற்று மாணவனுக்கு உரிய வினா அன்று எனத் தோன்றலாம். ஆனால் அந்த அளவை யார் அறிந்திருந்தார், யார் விதித்தார், யார் மறைத்தார் என்று கேட்கத் தொடங்கினால், அடுக்களையிலிருந்து அரசிறை வரை ஒரு நீண்ட பாதை திறக்கிறது. அப்பாதை மாத்தளை மாவட்டத்தின் ஊடாகவும் செல்கிறது. அதனைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். மதுவின் புகழ் பாடுவது எமது கருத்தன்று. மதுவால் நலிந்த தோட்டங்கள் சூழ்ந்த ஒரு மாவட்டத்தைப் பற்றி எழுதுகையில் அவ்வாறு பாடுதல் இயலாததும் ஆகும்.

கணக்கின் இயல்பு

வரலாற்றுக்குள் புகுமுன் கணக்கின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். இன்றைய மேலைநாடுகளில் வீட்டில் பியர் வடிப்போர் கையாளும் முறை வருமாறு: முளைக்கவைத்து உலர்த்திய வாற்கோதுமையை உடைத்து, ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் ஒரு மணிநேரம் ஊறவைப்பர். தானியத்திலுள்ள நொதியங்கள் மாப்பொருளை வெல்லமாக்கும். பின் சாற்றை வடித்து, ஹொப்ஸ் பூவிட்டு ஒரு மணிநேரம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, மதுவம் சேர்த்து நொதிக்க விடுவர்.

இருபது இலீற்றர் பியர் வேண்டுமெனின் இருபது இலீற்றர் நீர் விட்டாற் போதாது. ஐந்து கிலோகிராம் தானியம் தான் குடித்த நீரில் ஏறத்தாழ ஐந்து இலீற்றரைத் திருப்பித் தராது. சக்கையோடு அது போய்விடும். ஒரு மணிநேரக் கொதிப்பில் பாத்திரத்தின் வாயகலத்திற்கேற்ப மூன்று இலீற்றர் அளவு ஆவியாகும். கொதிநிலையிலுள்ள சாறு ஆறும்போது நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும். அடியில் தங்கும் மண்டியோடு ஒன்றரை இலீற்றர் கழியும். இவற்றையெல்லாம் கூட்டினால் தொடக்கத்தில் முப்பது இலீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீர் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீர் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. ஆகவே நீரளவு அறிதல் என்பது, உண்மையில், மறையும் நீரை அறிதலே ஆகும்.

இடமும் இக்கணக்கில் நுழைகின்றது. கடல் மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலுள்ள மாத்தளை நகரில் 99 பாகையை எட்டுமுன்னரே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். ஒரு நூலிலுள்ள அளவை மற்றோர் ஊருக்கு அப்படியே எடுத்துச் செல்ல இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரே தானியத்தில் இருமுறை நீர் விடும் வழக்கமும் உண்டு. பண்டை ஆங்கில வீடுகளில் முதல் நீரில் வலிய பியரும், அதே சக்கையில் மறுபடி விட்ட நீரில் மெலிந்த பியரும் எடுத்தனர். வலியது விருந்துக்கு, மெலிந்தது வேலையாட்களுக்கும் சிறுவர்க்கும். எம் வீடுகளில் ஒரே தேங்காய்த் துருவலில் முதற்பால், இரண்டாம்பால் எனப் பிழியும் தாய்மாருக்கு இந்நுட்பத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கௌடிலீயத்தின் அளவு

இந்தியத் துணைக்கண்டத்தில் தானிய மதுவுக்கு நீரை எண்ணால் அளந்து எழுதிய மிகப் பழைய நூல்களுள் கௌடிலீய அர்த்தசாத்திரம் தலையாயது. பல நூற்றாண்டுகள் மறைந்திருந்த இந்நூலை மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909 ஆம் ஆண்டு பதிப்பித்தார். அதன் இரண்டாம் அதிகரணத்தின் இருபத்தைந்தாம் அத்தியாயம் மது மேற்பார்வையாளனது கடமைகளைக் கூறுவது. அங்கே மேதகம் எனும் அரிசி மதுவுக்கு, ஒரு துரோணம் நீர், அரை ஆடகம் அரிசி, மூன்று பிரஸ்தம் கிண்வம் என அளவு தரப்பட்டுள்ளது. கிண்வம் என்பது உழுந்தையும் அரிசியையும் சில மூலிகைகளோடு சேர்த்துச் செய்யும் நொதிப்பொருள்.

நான்கு பிரஸ்தம் ஓர் ஆடகம்; நான்கு ஆடகம் ஒரு துரோணம். எனவே இதனை ஒரே அலகிற் கூறின், பதினாறு பங்கு நீருக்கு இரண்டு பங்கு அரிசியும் மூன்று பங்கு கிண்வமும் ஆகும். அரிசிக்கு எட்டு மடங்கு நீர்! சோறு ஆக்குவோர் இதனைக் கேட்டால் கஞ்சிதான் வரும் என்பர். கஞ்சிதான் வேண்டும், அக்கஞ்சியே மதுவாகின்றது.

இவ்வளவு நடைமுறைக்கு ஒத்ததா, ஏட்டுச் சுரைக்காயா என்பதை ஒருவாறு சோதித்துப் பார்க்கலாம். பங்கு ஒன்றை ஓர் இலீற்றராகக் கொள்வோம். இரண்டு இலீற்றர் அரிசி ஏறத்தாழ 1.6 கிலோகிராம் நிறையுடையது. அதில் ஐந்தில் நான்கு பங்கு அளவு மாப்பொருள், அதாவது 1.25 கிலோகிராம். அது முழுவதும் வெல்லமாகி நொதித்தால் 0.7 கிலோகிராம் அற்ககோல் உண்டாகும். கனவளவில் ஏறத்தாழ 0.9 இலீற்றர். பதினாறு இலீற்றர் நீரில் இது நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் அமையும். கிண்வத்திலுள்ள மாப்பொருள் இதனைச் சற்று உயர்த்தும். முற்றுப்பெறாத நொதிப்பு சற்றுத் தாழ்த்தும். எப்படியாயினும், இன்று போத்தலில் விற்கப்படும் பியரின் வலிமையை ஒட்டியதாகவே மேதகம் இருந்திருத்தல் வேண்டும். எனவே இவ்வளவைக் குறித்தவன் அடுப்படியை அறியாத ஏட்டறிஞன் அல்லன்; அல்லது அடுப்படியை அறிந்தோரைக் கேட்டு எழுதியவன்.

அவன் யாரைக் கேட்டிருப்பான்? அதற்கும் அதே அத்தியாயத்தில் ஒரு குறிப்பு உண்டு. மதுவுக்கான பொருள்களையும் கிண்வத்தையும் சேர்க்கும் வேலையைப் பெண்களும் சிறுவரும் செய்ய வேண்டும் என்கிறது நூல். அறிவு பெண்களின் கையில் இருந்தது. அளவு அரசனின் ஏட்டில் ஏறியது.

இன்னும் இரு செய்திகள் அங்கே கருதத்தக்கன. குடும்பத்தார் தம் வீட்டுச் சடங்குகளின்போது வெள்ளை மதுவும், மருந்துக்காக அரிட்டமும் ஆக்கிக்கொள்ள அனுமதி பெற்றிருந்தனர். அரசிறையில் கண்ணும் கருத்துமாயிருந்த கௌடிலியனும் வீட்டுச் சாடியை முற்றாக மூடத் துணியவில்லை. மற்றைய செய்தி கசப்பானது. கெட்டுப்போன மதுவை அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் கூலியாகக் கொடுக்கலாம். அன்றேல் சுமை விலங்குகளுக்கோ பன்றிகளுக்கோ கொடுக்கலாம் என்கிறது நூல். உழைப்பாளனும் பன்றியும் ஒரே விதியில் அடுத்தடுத்து நிற்கும் இவ்விடத்தை, தோட்டப்புறத்திலிருந்து வந்து வாசிக்கும் மாணவன் விரைந்து கடந்துபோக முடியாது.

பெரும்பாணாற்றுப்படையின் சாடி

தமிழ் இலக்கியத்தில் தானிய மது ஆக்கும் முறையை விரிவாகக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியில் பாணன் காணும் வலைஞர் குடியிருப்பில் இக்காட்சி வருகின்றது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆக்குகின்றனர். அகன்ற வாயுடைய தட்டில் அதனை ஆற்றுகின்றனர். புற்றிலுள்ள புற்றாஞ்சோற்றை ஒத்த தோற்றமுடைய ஓர் அடையை அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, வலிய வாயையுடைய சாடியில் அது விளைகின்றது. வெந்நீரும், வடித்தலும், விரலாற் பிழிதலும் கூறப்படுகின்றன.

இங்கு ஒழுங்கு முழுமையாக உள்ளது. ஆக்குதல், ஆற்றுதல், அடை சேர்த்தல், காலம் பார்த்தல், வடித்தல் என ஐந்து படிகளும் முறை பிறழாமல் வருகின்றன. புலவர் இதனை நேரிற் கண்டவர் என்பதில் ஐயமில்லை. களியை ஆற்றிய பின்னரே அடையைச் சேர்த்தல் வேண்டும். சூட்டிற் சேர்த்தால் நொதிப்புயிர் மாண்டுவிடும். இந்நுட்பத்தை அறிவியல் விளக்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வலைஞர் மனையோர் அறிந்திருந்தனர். புற்றாஞ்சோறு எனும் உவமையும் கருதத்தக்கது. பூஞ்சணம் பூத்த ஒரு நொதிப்பொருளையே புலவர் கண்டார் எனக் கொள்வது பொருந்தும். அங்ஙனமாயின் கௌடிலீயத்தின் கிண்வமும் வலைஞர் அடையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

எனினும் ஒன்று இல்லை. நீரின் அளவு இல்லை. காலம் எண்ணப்பட்டிருக்கின்றது; நீர் எண்ணப்படவில்லை. இதனைக் குறை எனக் கொள்ளலாகாது. களி துழாவும் கையே அளவு. துடுப்பு நிற்கும் பதத்தைக் கண்டு நீரை நிறுத்துவோர் நாழியைத் தேடுவதில்லை. இல்லத்தில் ஆக்கிய நெல்லின் கள்ளுக்குத் தோப்பி எனத் தனிப்பெயர் வழங்கியதும், வீட்டு வடிப்பு அக்காலத்தில் எவ்வளவு இயல்பான தொழிலாக இருந்தது என்பதைப் புலப்படுத்துகின்றது.

இன்றும் மாத்தளை வீடுகளில் அப்பத்துக்கு மா கரைப்போர் சிறிது கள் விட்டுப் புளிக்கவைப்பதுண்டு. எவ்வளவு நீர் என்று கேட்டால், “மா கேட்கிற அளவு” என்பதே விடையாக வரும். பாணாற்றுப்படையின் மௌனத்துக்கு இதனினும் சிறந்த உரை வேறில்லை.

அலுவிகாரையும் புல் நுனியும்

மாத்தளை நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியில் அமைந்துள்ளது அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக இருந்த பௌத்த மறைநூல்கள் எழுத்தில் வடிக்கப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. அம்மறைநூல்களுள் ஒன்றான விநயம், பிக்குகள் மது அருந்தலாகாது என விதிக்கின்றது. அவ்விதியை விளக்குமிடத்து மது இருவகையாகப் பிரிக்கப்படுகின்றது. மாவிலும், அடையிலும், சோற்றிலும், நொதிப்பொருள் சேர்த்தும் ஆக்குவது சுரா. பூவிலும், பழத்திலும், தேனிலும் ஆக்குவது மேரயம். இன்றைய மொழியிற் கூறின், முன்னது பியரின் இனம்; பின்னது வைனின் இனம்.

மரபு கூறுவது மெய்யாயின், இவ்விரு மது இனங்களையும் வகுத்துக் கூறும் மறைநூற் பகுதி முதன்முதல் ஓலையில் ஏறிய இடம் மாத்தளையே ஆகும். அங்கும் ஓர் அளவு பேசப்படுகின்றது. புல் நுனியால் தொட்டு அருந்தினும் குற்றம் குற்றமே என்கிறது விநயம். நீர் எவ்வளவு கலந்தாலும் மது நீராகிவிடாது என்பது இதன் பொருள். அதேவேளை, குழம்பிலும் இறைச்சியிலும் எண்ணெயிலும் சேர்த்துச் சமைத்த மது குற்றமாகாது என விலக்கும் தரப்பட்டுள்ளது. கௌடிலியன் மதுவைத் துரோணத்தால் அளந்தான். துறவிகள் புல் நுனியால் அளந்தனர். இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையிலேயே பிற்கால இலங்கையின் மதுக்கொள்கை ஊசலாடியது எனலாம்.

கித்துள் மரமும் நொக்சும்

கண்டி இராச்சியக் காலத்தில் மாத்தளைப் பகுதியின் மலைக்கிராமங்களில் தானிய மதுவை விடக் கித்துளின் சாறே பெருவழக்காயிருந்தது எனக் கருதலாம். 1660 ஆம் ஆண்டு சிறைப்பட்டு, ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலிருந்து தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தைக் குறிப்பிடுகின்றார். அதன் சாறு இனியது, உடலுக்கு நல்லது, ஆயின் நீரினும் வலியதன்று என்பது அவர் கருத்து. அதனைக் காய்ச்சியே கருப்பட்டி செய்தனர். கண்டி மக்கள் குடிவெறியை வெறுத்தனர் என்றும் அவர் எழுதியுள்ளார்.

நீரினும் வலியதன்று என்ற மதிப்பீடு, இறக்கிய உடனே அருந்தும் சாற்றுக்கு மட்டுமே பொருந்தும். நிழலில் வைத்த சாறு சில மணிநேரத்தில் தானே நொதித்துக் கள்ளாகும். இங்கே நீரளவுக் கணக்கு எழுவதில்லை. வேர் உறிஞ்சிய நீரும் மரம் ஆக்கிய வெல்லமும் பாளையிலேயே கலந்து வருகின்றன. மரமே அளந்து தருகின்றது. பாணி காய்ச்சுவோரது வேலை நீரைச் சேர்ப்பதன்று, நீக்குவது. ஆகவே கள்ளில் நீர் கலந்தது என்றால், அது விற்பவன் கையால் கலந்தது என்பதே பொருள்.

இங்கு ஒரு வேறுபாட்டை வரையறுத்துக்கொள்ளுதல் நலம். மது ஆக்கும்போது விடும் நீர் ஒன்று. விற்கும்போது விடும் நீர் மற்றொன்று. முன்னது தொழில், பின்னது வணிகம். முன்னதில் நீர் மறைகின்றது. பின்னதில் நீர் மறைக்கப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத்தளைக்கு வந்தது இரண்டாவது நீரே.

வடபாதையும் தவறணையும்

1830களிலிருந்து மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயிலாக அவர்களுக்கு மாத்தளை அமைந்தது. அப்பாதையில் நீர் அரிது. கிடைத்த நீரும் வாந்திபேதியைக் கொண்டுவந்தது. எண்ணிறந்தோர் வழியிலேயே மாண்டனர். நீரளவைப் பற்றி எழுதும் கட்டுரையில் இந்த நீரையும் குறிப்பிடாது விடுதல் நேர்மையன்று. நூற்றாண்டின் இறுதியிலேயே தொழிலாளர் வரவு இப்பாதையை விட்டு நீங்கியது. புகையிரதம் 1880 ஆம் ஆண்டு மாத்தளையை எட்டியது.

தோட்டத்தை அடைந்தவனுக்குக் காத்திருந்தவற்றுள் ஒன்று தவறணை. ஒல்லாந்தர் காலத்திலிருந்து தொடர்ந்த குத்தகை முறைப்படி, சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விட்டது. ஏலம் எடுத்தோர் பெருஞ்செல்வராயினர். மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா போன்றோர் கண்டிப் பகுதிகளில் சாராயக் குத்தகையால் ஈட்டிய பொருளைக் கொண்டே பின்னர் தோட்ட முதலாளிகளாக உயர்ந்தனர். குத்தகைப்பணம் முன்கூட்டியே உறுதி செய்யப்பட்டது. ஆகவே குத்தகைக்காரன் தன் இலாபத்தைப் பெருக்க இரு வழிகளே இருந்தன: ஒன்று, அதிகம் பேரைக் குடிக்கச் செய்தல், மற்றொன்று, ஒரு பீப்பாயை ஒன்றேகால் பீப்பாய் ஆக்குதல்.

இரண்டாவது வழியின் கணக்கு எளியது. பழைய ஆங்கிலேய முறையில், நூற்றுக்கு 57 பங்கு அற்ககோல் உடைய மது ‘புரூப்’ எனப்பட்டது. முற்காலத்தில் வெடிமருந்தின் மீது மதுவை ஊற்றித் தீ வைத்து, அது பற்றினால் வலியது, பற்றாவிடின் நீர் மிகுந்தது எனத் தீர்த்தனர். அப்பெயர் அச்சோதனையின் எச்சம். புரூப் நிலையிலுள்ள பத்துக் கலன் சாராயத்தை நூற்றுக்கு நாற்பது நிலைக்குத் தாழ்த்தினால் பதினான்கு கலனுக்குச் சற்று மேல் கிடைக்கும். அதாவது கிணற்றிலிருந்து வந்த நான்கு கலன் நீர் சாராய விலைக்கு விற்கப்படும். குடிப்பவனிடம் இதனைக் கண்டறியும் கருவி யாதும் இல்லை. நாக்கு மட்டுமே உண்டு. மிளகாய் முதலியவற்றால் நாக்கையும் ஏமாற்றலாம்.

கருவி அரசிடம் இருந்தது. சைக்ஸ் என்பார் ஆக்கிய நீரமானியை 1816 ஆம் ஆண்டு பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமுறைக் கருவியாக ஏற்றது. மது எவ்வளவு வலியதோ அவ்வளவுக்கு அதன் அடர்த்தி குறையும். கருவி ஆழ அமிழும். எனினும் வெப்பநாடுகளில் ஓர் இடர் உண்டு. சூடான சாராயம் விரிந்து அடர்த்தி குன்றுவதால், உள்ளதை விட வலியதாகக் காட்டும். ஆகவே வெப்பமானியும் திருத்த அட்டவணையும் இன்றி அளவு சரியாகாது. மேலும், ஒரு படி நீரையும் ஒரு படி தூய அற்ககோலையும் கலந்தால் இரண்டு படி ஆவதில்லை, சற்றுக் குறையும். இந்நுட்பங்கள் அனைத்தும் வரியைக் காக்க உருவானவை. குடிப்பவனைக் காக்க உருவானவை அல்ல. தவறணையின் கூலியாளுக்குத் தன் கிண்ணத்தில் எவ்வளவு நீர் என்பது தெரியாது. அரசுக்கும் குத்தகைக்காரனுக்கும் தெரிந்தது. அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

நுவரெலியாவின் பியர்

துரைமாரின் குடிவகை வேறு. அவர்களுக்கான பியர் பீப்பாய்களில் கப்பலேறி வந்தது. 1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறி, 1855 வரை இலங்கையில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், அங்கு பியர் வடித்தலைத் தொடக்கிவைத்தவர் எனக் கூறப்படுவார். பின்னர் 1881 ஆம் ஆண்டு வணிக அடிப்படையிலான வடிசாலை அந்நகரில் எழுந்தது. வாற்கோதுமையும் ஹொப்சும் கடல்கடந்து வந்தன. மலையருவியின் நீரே பெரும்பாலும் இந்நாட்டுப் பொருளாக இருந்தது. இங்கிலாந்தில் ஜோன் றிச்சாட்சன் 1784 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலுக்குப் பின், சாற்றின் அடர்த்தியை அளந்தே நீரை முடிவுசெய்யும் வழக்கம் வடிசாலைகளில் வேரூன்றியிருந்தது. கை இருந்த இடத்தில் கருவி அமர்ந்தது. ஒரே மலையகத்தில் ஒரே காலத்தில் துரையின் பியரில் நீர் துளி பிசகாமல் அளக்கப்பட்டது. தொழிலாளியின் சாராயத்தில் அது மனம்போன போக்கில் ஊற்றப்பட்டது.

1912 உம் அதன் பின்னும்

1904 ஆம் ஆண்டும் 1912 ஆம் ஆண்டும் இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பேரெழுச்சி பெற்றது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறைக்கு மாற்றாக வந்தது. கள்ளுத்தவறணையும் சாராயத்தவறணையும் வேறாக்கப்பட்டன. கள்ளுத்தவறணைகள் ஊர்தோறும் பெருகும் என்ற அச்சமே அவ்வாண்டின் எதிர்ப்புக்குக் காரணமாயிற்று. எப். ஆர். சேனநாயக்க, டி. எஸ். சேனநாயக்க ஆகிய சகோதரர் இவ்வியக்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்தனர். 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தையொட்டி மதுவிலக்குத் தலைவர்கள் பலர் சிறையிடப்பட்டனர். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகளும் மலையகத் தொழிலாளரிடையே மதுவை ஒழிக்குமாறு வேண்டினார்.

இச்சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமம் இன்றி மது ஆக்குவது குற்றம். கௌடிலியன் சடங்குக்கென விட்டுவைத்த வீட்டுச் சாடி இங்கே மூடப்பட்டது. அதனால் வீட்டு வடிப்பு ஒழிந்ததா? ஒழியவில்லை. அது காட்டுக்குள்ளும் ஓடைக்கரைக்கும் சென்று கசிப்பு என்னும் பெயர் பெற்றது. வலைஞர் மனையில் இரண்டு பகலும் இரண்டு இரவும் பொறுத்திருந்த அறிவு அதில் இல்லை. சீனியும், மதுவமும், கண்மூடித்தனமான வேகமுமே உள்ளன. கசிப்பினால் கண்ணிழந்தோரும் உயிரிழந்தோரும் தோட்டக் குடும்பங்களில் உளர் என்பது செய்தித்தாள் வாசிப்போர் அறிந்ததே. அளவற்ற இக்குடியை, வீட்டு மரபின் தொடர்ச்சி எனக் கருதுவது தவறு. அளவு மறைந்த இடத்தில் முளைத்ததே கசிப்பு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, மது ஆக்கும் நீரின் அளவு தொடக்கத்தில் பெண்களின் கையறிவாக இருந்தது. பின்னர் அரசின் ஏட்டறிவாகவும், இறுதியில் வரியதிகாரியின் கருவியறிவாகவும் மாறியது. இரண்டாவது, ஒவ்வொரு மாற்றத்திலும் அளவு நுண்மை பெற்றது. ஆயின் அதனை அறிந்தோரின் தொகை சுருங்கியது. மூன்றாவது, மாத்தளைக்கு நடந்துவந்த தமிழ்த் தொழிலாளி எக்கட்டத்திலும் அவ்வளவை அறிய இடம்பெறவில்லை. வழியில் அவனுக்குக் கிடைத்த நீரை விதி அளந்தது. தவறணையில் அவனுக்குக் கிடைத்த நீரைக் குத்தகைக்காரன் அளந்தான்.

மதுவிலக்கை வேண்டுவோரும் இவ்வரலாற்றை அறிதல் நன்று. குடிப்பவனை இழித்துப் பேசுவது எளிது. அவனுக்கு எது, எவ்வளவு, யாரால் ஊற்றப்பட்டது என்று கேட்பது கடினம். அக்கடினமான வினாவைக் கேட்கத் தவறியமையினாலேயே நூறாண்டு மதுவிலக்குப் பேச்சு தோட்ட லயங்களின் வாசலிலேயே நின்றுவிட்டது என்பது எமது துணிபு.

எம் பாட்டிமார் பலர் படி, நாழி, கொத்து என்னும் அளவுகளைக் கையால் உணர்ந்தவர்கள். கூழுக்கு எவ்வளவு நீர், அப்பத்துக்கு எவ்வளவு கள், பாணி எப்பதத்தில் இறக்க வேண்டும் என்பன அவர்களோடு மறைந்து வருகின்றன. ஓலையில் ஏறிய அளவுகளைப் பதிப்பிக்க ஒரு சாமசாஸ்திரி கிடைத்தார். கையில் இருக்கும் அளவுகளை எழுதிவைக்க மாத்தளையின் மாணவர்களே முன்வருதல் வேண்டும். அடுத்த விடுமுறையில் வீடு செல்வோர், “எவ்வளவு நீர் விடுவீர்கள்?” என்ற ஒரு கேள்வியை மட்டுமாவது அடுக்களையிற் கேட்டு, வரும் விடையை எழுதி வருவார்களாயின், அதுவே ஒரு நல்ல வரலாற்றுத் தொகுப்பின் தொடக்கமாக அமையும்.